பூஜ்யம் காட்டிய மீட்டர்

அந்த லாரி இரண்டு வருடமாக ஒரு சொட்டு டீசல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை உள்ளபடி சொன்னது டீசல் பிரஷர் மீட்டர் ஒன்றுதான். ஆகவே முதல் வேலையாக அதைத்தான் கழற்றி எறிந்தார்கள்.

டீசல் நிரப்புவது முதலாளியின் மைத்துனர் பொறுப்பு. டிரைவர் சாயங்காலம் லாரியை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார், காலையில் வந்து எடுப்பார். நடுவில் நிரப்ப வேண்டியவர் மைத்துனர். அவர் ஒரு நாள், தனக்குப் போட்ட நாற்காலியில் கைப்பிடி இல்லை என்று கோபித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிட்டார். நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சமாதானப்படுத்திவிடுவார்களோ என்று பயம். தினமும் வந்து அதே நாற்காலியில் கோபமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். விஷயம் தெரியாத லாரி மறுநாளும் கிளம்பியது, அதற்கு மறுநாளும் கிளம்பியது, செங்கல்லும் சிமெண்டுமாகச் சுமந்து மேடேறியது. புகையே வரவில்லை என்பதில் டிரைவருக்கு உள்ளூரப் பெருமை. எல்லாம் தன் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டார். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் வண்டி வாங்கிய புதிதிலேயே முக்காலில் சிக்கிக்கொண்டது. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. நல்ல சேதி சொல்லும் மீட்டரை யார் ரிப்பேர் பார்க்கிறார்கள்?

பிரஷர் மீட்டரின் கதை வேறு. தகுதிச் சான்றிதழுக்கு வண்டியைக் காட்ட வேண்டிய நாள் நெருங்கியபோதுதான் அதன் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடப்பதை முதலாளி பார்த்தார். "திங்கட்கிழமைக்குள்ள முள்ளு பச்சையில நிக்கணும். இல்லன்னா வண்டி இரும்புக்கடைக்கு, நீங்க வீட்டுக்கு" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். டிரைவர் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார். பத்தொன்பது வருடம் அதே சீட்டில் உட்கார்ந்தவர். கட்டின பொண்டாட்டியிடம் பேசியதைவிட அந்த லாரியிடம் பேசியது அதிகம் என்று அவர் மனைவியே சொல்லுவாள். இன்னொரு வண்டியை ஓட்ட அவருக்குத் தெரியாது என்பதில்லை, மனசு வராது.

மெக்கானிக்குக் காதுக்காரர் என்று பட்டப்பெயர். எந்த இன்ஜினையும் காதால் கேட்டே நோய் சொல்லுவார், பெரும்பாலும் தப்பாக. வந்ததும் மீட்டர் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். முள் அசையவில்லை. "மீட்டர் பொய் சொல்லுதுண்ணே" என்று புது மீட்டர் மாட்டினார். அதுவும் பூஜ்யம் காட்டியது. சென்சாரிலிருந்து வரும் வயரைக் கழற்றி இரும்பில் வைத்துப் பார்த்தார். முள் துள்ளிக் கடைசிவரை போய் வந்தது. மீட்டர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். காதுக்காரர் யோசித்து, இன்னொரு மீட்டர் மாட்டினார். பிறகு சென்சாரை மாற்றினார், வயரை மாற்றினார். ஃபில்டரைக் கழற்றினால் அது வெயிலில் காயப்போட்ட காகிதமாட்டம் கலகலவென்று இருந்தது. "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!" என்று டிரைவரைப் பாராட்டிவிட்டுப் புதுசு போட்டார். பம்பையும் மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் பதினோரு மீட்டர்கள் பெஞ்சில் வரிசையாகக் கிடந்தன. அத்தனையும் பொய்யர்கள் என்று முடிவு கட்டியாயிற்று.

கடைசியில் வேறு வழியில்லாமல், வயரும் வேண்டாம் சென்சாரும் வேண்டாமென்று, குழாய் வைத்த சோதனை மீட்டரை நேராகப் பம்பிலேயே முறுக்கி இன்ஜினை ஓடவிட்டார். இன்ஜின் அழகாக ஓடியது. முள் பூஜ்யத்தில் நின்றது. காதுக்காரர் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே ஈரமே இல்லாமல் காய்ந்து கிடந்தது. மூலையில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, டேங்க் காலி! இது எப்படிண்ணே ஓடுது?" என்று அலறினார்.

இன்ஜின் நின்றுவிட்டது. இருமவில்லை, உதறவில்லை, ஏதோ ஞாபகம் வந்த ஆள் நடுப்பேச்சில் வாயை மூடுவதுபோல நின்றது. டிரைவர் சாவியைத் திருப்பினார், கெஞ்சினார், ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். வெட்கப்படவில்லை.

சாப்பாட்டுத் தூக்குடன் அப்போதுதான் வந்த அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். தூக்கைக் கீழே வைத்தாள். லாரியின் முன்னால் போய், இடுப்பில் கை வைத்து, தெருக்கோடி வரை கேட்கிற குரலில் சொன்னாள்: "காலியாவது ஒண்ணாவது! மீட்டர்தான் கெட்டுப்போச்சு. வண்டிக்கு ஒண்ணுமில்ல!" சொல்லிவிட்டுக் காதுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் பதறிப்போய், "ஆமாக்கா, மீட்டர்தான். கேடுகெட்ட மீட்டர்" என்றார். டிரைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்ப, லாரி கிளம்பியது.

திங்கட்கிழமை ஆய்வாளரும் முள்ளைப் பார்த்தார், டேங்கையும் திறந்து பார்த்தார், வாயைத் திறந்தார். டிரைவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டார். அவர் கையிலிருந்த படிவத்தில், மீட்டர் பழுது, ஆறு மாத அவகாசம் என்று ஒரு கட்டம் இருந்தது. டேங்க் காலி, ஆனாலும் ஓடுகிறது என்று கட்டம் எதுவும் இல்லை. படிவத்தில் இல்லாத ஒன்றை இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் கண்டுபிடித்ததில்லை. புதிதாக ஆரம்பிக்கும் உத்தேசமும் இல்லை. இருந்த கட்டத்தில் ஒரு டிக் அடித்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் காதுக்காரர் வந்து, லாரி காதில் விழும்படி மீட்டரைத் திட்டிக்கொண்டே புதுசு மாட்டினார். முதலாளி காலமானார், மகன் முதலாளியானார், மைத்துனருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி வந்தது. ஆனாலும் அவர் கோபத்தைக் கைவிடவில்லை. மகள்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டை மறந்துவிட்டு, இருக்கிற தூக்கத்தையும் குறைத்துக்கொண்டு டிரைவர் லோடு அடித்தார். ஏழு வருடமும் பதினான்கு மீட்டரும் இப்படிப் போயின.

பதினைந்தாவது மீட்டர் மாட்டிய வாரம், கை கொஞ்சம் சில்லென்றிருக்கிறது என்று மனைவி அவரை லாரியிலேயே டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர், அவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முள் ஏறியது, இறங்கியது, பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. டாக்டர் மிஷின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். இன்னொரு மிஷின் கொண்டுவரச் சொன்னார். அதுவும் பூஜ்யம். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அவர் முகம் மாறுவதை டிரைவர் பார்த்தார். அந்த முகத்தை எங்கே பார்த்தோம் என்று யோசித்தார். டேங்க் மூடியும் கையுமாகக் காதுக்காரர் நின்ற முகம் அது.

"ஐயா, உங்களுக்குத் துடிப்பே..." என்று டாக்டர் ஆரம்பித்தார். டிரைவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அவர் மனைவி ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். குரல் நடுங்கியது, ஆனாலும் தெருக்கோடி வரை கேட்டது. "மிஷின்தான் கெட்டுப்போச்சு டாக்டர்! இவருக்கு ஒண்ணுமில்ல. காலையில நாலு தடவை கேட்டு வாங்கி இட்லி சாப்பிட்டாரு!" அது பொய். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் கட்டி நின்றது, வழியவில்லை. டாக்டர் மெல்லக் குழாயைக் கழற்றி, "ஆமாம்மா, பழைய மிஷின்" என்றார். டிரைவருக்குக் கண் தெளிந்தது. டாக்டர் மருந்துச் சீட்டில் என்னவோ கிறுக்கி, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே லாரி நின்றிருந்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது, முள் பூஜ்யத்தில் கிடந்தது. மனைவி அவருடைய சில்லிட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இந்த மீட்டரை மாத்தணுங்க" என்றாள், லாரிக்கும் அவருக்கும் கேட்கும்படியாக.