விளக்குக்காரியின் வேகம்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை ‘அவசரம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் பேனா மூடி பல்லில் சிக்கும். யோசிக்க வேண்டுமென்றால் வராந்தாவில் நடந்தாக வேண்டும். அப்படிப்பட்டவள் உருவாக்கியதுதான் அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்த வீடியோ கேமிலேயே நிதானமான பாத்திரம்: விளக்குக்காரி.

இருண்ட சதுப்புநிலம். விளக்கோடு அவள் முன்னால் நடப்பாள். ஆடுபவர் அந்த வெளிச்சத்துக்குள்ளேயே நடந்து அக்கரை சேர வேண்டும். விலகினால் சேறு விழுங்கிவிடும். “எல்லா கேமும் ஓடச் சொல்லுது. இது ஒண்ணாவது காத்திருக்கச் சொல்லட்டுமே” என்று மூன்று கூட்டங்களில் மல்லுக்கட்டி அவசரம் அந்தக் காட்சியைச் சேர்த்திருந்தாள்.

ஆடிப்பார்த்த ஐந்து பேரும் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். ஆறாவது ஆளும் போனால் காட்சியைத் தூக்கிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு அவரே வந்து பார்ப்பார்.

ஆறாவது ஆள் முதலாளியின் மச்சினி, மருத்துவமனை நர்ஸ். காலை ட்யூட்டி முடித்து நேரே வந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்தாள். இந்தப் பக்கம் அவசரமும் புரோகிராமரும். ஆடுபவர் தவித்தாலும் உருவாக்கியவர் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம்.

நர்ஸ் நடந்தாள், விளக்குக்காரி முன்னால் போய்விட்டாள். ஓடினாள், அவளைத் தாண்டி இருட்டுக்குள் போனாள். நின்றாள், நடந்தாள், மறுபடி ஓடினாள். சேறு விழுங்கியது.

திரும்பவும் முதல் கரை. விளக்குக்காரி தன் சோகக் கதையை முதலிலிருந்து தொடங்கினாள். தாண்டிப்போக எந்தப் பட்டனும் இல்லை. வைக்கக் கூடாதென்று அடம்பிடித்ததும் அவசரம்தான்.

நான்காவது முறை சேறு விழுங்கியதும் நர்ஸ் கன்ட்ரோலரை மேஜையில் வைத்தாள்.

“இந்தம்மா புருஷன் சேத்துல போன கதை எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. இனிமே நானே சொல்லிடுவேன்.”

பையைத் தோளில் மாட்டினாள். புரோகிராமர் கையைப் பிடிப்பதற்குள் அவசரம் கதவைத் திறந்து உள்ளே போயிருந்தாள்.

“ஒரு நிமிஷம் மேடம். எது பிடிக்கலை?”

“கூட்டிட்டுப் போறேன்னு சொல்றா. ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கிறாளா? நான் வந்தா என்ன, செத்தா என்னன்னு போறா. எங்க வார்டுல இப்படி நடந்தா சீட்டைக் கிழிச்சுடுவாங்க.”

வாசலில் நின்ற புரோகிராமர் தலையைச் சொறிந்தான். “அக்கா, அவ நடக்கிற வேகத்தை எங்கேருந்து எடுத்தீங்க?”

“வராந்தாவுல நானே நடந்து, கடிகாரம் வெச்சு எடுத்தேன். மெதுவாத்தான்டா நடந்தேன்.”

“நீங்களா? மெதுவாவா?”

நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவசரத்துக்குக் காது சூடேறியது. ஐந்து பேரையும் பொறுமையில்லாதவர்கள் என்று அறிக்கையில் எழுதியவள் அவள்.

“மேடம், அரை மணி நேரம் இருப்பீங்களா?”

“டீ வருமா?”

“வரும்.”

கதை இனி நடக்கும்போதே வரும், விட்ட இடத்திலிருந்து. விளக்குக்காரியின் வேகம் குறையும்; ஆடுபவர் பின்தங்கினால் நின்று திரும்பிப் பார்ப்பாள். புரோகிராமர் கீபோர்டைத் தட்டத் தட்ட, அவசரம் அவன் நாற்காலிக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். “அக்கா, தலை சுத்துது, உக்காருங்க” என்று அவன் இரண்டு முறை கெஞ்சினான்.

ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம். நர்ஸ் மறுபடி கன்ட்ரோலரை எடுத்தாள். நாலடி வைத்துவிட்டு, வேண்டுமென்றே நின்றாள். டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

விளக்குக்காரி நின்றாள். திரும்பினாள். விளக்கைச் சற்று உயர்த்திப் பிடித்தாள்.

நர்ஸ் நகரவில்லை. ‘நடங்களேன், தாயே!’ என்று அவசரம் கண்ணாடிக்குப் பின்னால் உதட்டைக் கடித்தாள். இந்தத் தடவை உள்ளே போகக் கூடாதென்று கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். பாதம் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

முதலாளி வந்தார். அசையாத திரையைப் பார்த்தார்.

“என்ன, ஹேங் ஆயிடுச்சா?”

“இல்ல சார்,” என்றாள் அவசரம். “காத்துட்டிருக்கா.”

டம்ளர் காலியானது. “பரவாயில்லையே, இன்னும் நிக்கிறா!” என்றாள் நர்ஸ். பட்டனை மெல்ல அழுத்தினாள். ஒரே வெளிச்சத்துக்குள் இருவரும் சேற்றுப் பாதையில் நடக்கத் தொடங்கினார்கள்.

கதவுப் பிடியில் இருந்த கையை எடுத்து, முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.