ஆறு மாத வெயில்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் கேட்டுச் செய்வதில்லை. வாடகைக்குக் குடியிருக்கிற வீட்டில் ஆணி அடித்தாலும் சரி, கொடி கட்டினாலும் சரி, நாமாகப் பார்த்தால்தான் உண்டு. ஏனென்று கேட்டால், "அதுக்கென்ன தாத்தா" என்று ஒரு சிரிப்பு.

என் மகன் வேல்பாண்டி செத்து நாற்பத்தொரு நாள். கட்டட வேலையில் சாரம் சரிந்து முதுகு முறிந்து, இரண்டு வருசம் படுக்கையில் கிடந்தவன். விடிந்ததும் கட்டிலோடு தூக்கி முற்றத்தில் போடுவேன். பொழுது சாயும்வரை அங்கேதான். கட்டிலை இன்னும் நான் எடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் குறி சொல்கிறவர், "ஒன் வாசலப் பாத்து என்னமோ கட்டிருக்கு" என்றார்.

ராஜபாளையம் வந்து இறங்கியதும் வீட்டைச் சுற்றித் தேடினேன். மாடிப்படிக் கம்பியில், கறுப்பு டேப் சுற்றிய பீர் டின். அதில் ஓர் ஊசித் துளை, அவன் கிடந்த இடத்தையே பார்த்தபடி. கத்தியால் கிழித்தேன். செப்புத் தகடோ தலைமுடியோ இருக்குமென்று பார்த்தால், சுருட்டிய தாள் ஒன்று.

மாடியில் குடியிருப்பவர்களின் மகள் ஹெப்சிபா ஓடிவந்தாள். காலேஜில் போட்டோப் படிப்பு படிக்கிறவள்.

"ஐயோ தாத்தா, அது கேமரா!"

"பீர் டின்னு கேமராவாட்டி? யார்ட்ட கத விடுத?"

"உள்ள போட்டோ பேப்பர் தாத்தா. ஆறு மாசமா ஒரே படம் எடுக்கேன். வாரவுக போறவுக ஒருத்தரும் விழ மாட்டாவ. அசையாததுதான் விழும். குடுங்க, ஸ்கேன் பண்ணணும். வெயில் பட்டா அழிஞ்சிரும்."

"யாரக் கேட்டுக் கட்டுன?"

"வேல்பாண்டி மாமாவத்தான். 'கட்டிக்கோ தாயி, என்னிய மாதிரி அசையாத ஆளு ஒனக்கு எங்க கெடைக்கும்'னு சிரிச்சாவ."

அவன் என்னிடம் சிரித்து இரண்டு வருசம் ஆகிறது.

தாளை விரித்தேன். மேலே வளைவு வளைவாகக் கோடுகள், சூரியன் போன தடமாம். கீழே எங்கள் முற்றம். அவனை நான் எத்தனை தடவை புரட்டிப் போட்டிருப்பேன், கழுவியிருப்பேன். அதில் நான் இல்லை. கட்டில் இருந்தது. கட்டிலில் நீளமாக ஒரு கறை. வெளிச்சம் பட்டதெல்லாம் அதில் கறுக்குமாம்; வெள்ளை வேட்டியும் கறுப்பாகத்தான் விழுமாம்.

"அவனாட்டி இது?"

"அவியதான். குடுங்க தாத்தா."

கொடுத்தால் வேறொன்றை மாற்றிக் காட்டுவாள். கையைப் பிடித்தவளை உதறிவிட்டு நடு முற்றத்து வெளிச்சத்துக்கு வந்தேன். முகத்தைத் தேடினேன். தேடத் தேடத் தாள் மங்கியது. வெளிறிக் கிடந்த தரையெல்லாம் மெல்லக் கறுத்தது. பிறகு தரை எது, கட்டில் எது என்று தெரியவில்லை.

"மாமாவ அழிச்சிட்டீங்களே" என்று படியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஆறு மாசம் வெயில் வரைஞ்சத, செத்த நேர வெயில் அழிக்குமாக்கும்?"

"அது அப்படித்தான் தாத்தா."

அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் நம்பவில்லை. தாளைத் துண்டுக்குள் சுருட்டினேன். அதன்மேல் வெயில் விழாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, குறி சொல்கிறவரிடம் காட்ட முடங்கியார் ரோட்டில் இறங்கி நடந்தேன்.