படம் பார்க்காத கண்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்குகிறவன், தன் வீட்டுக் குளியலறையை ஒரு வருடமாகப் பூட்டி வைத்திருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? உள்ளே உட்கார்ந்து தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பக்கத்து வீட்டில் போய்க் குளித்தாள். நான் விளையாட்டு ஆசிரியை, கத்துவதே என் பிழைப்பு. கத்திப் பார்த்தேன். "ஓரம் இன்னும் சரியா வரலக்கா" என்பதோடு சரி.

ஒருவழியாக முடித்தான். உடனே வானம் பார்க்கும் சங்கத்தின் தலைவர் வந்து நின்றார். பல் டாக்டர். மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லியே தன் வாயை மூட மறந்தவர்.

"கையால தேய்ச்சா ஓரம் தேறாது தம்பி. மங்கலான கேலக்ஸிக் கூட்டமெல்லாம் இதுல தெரியாது. பேசாம முதல்லேர்ந்து தேய்ங்க."

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. ஒரு சோதனை வைப்போம், தோற்றால் மறுபடி குளியலறைதான் என்று முடிவு செய்தான்.

சோதனைக்குக் கிடைத்தவள் நான். பார்க்க வேண்டிய கேலக்ஸிக் கூட்டத்தின் புகைப்படம் சங்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கண் தானாகவே போட்டுக்கொள்ளுமாம். படமே பார்க்காத கண் வேண்டுமாம்.

ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நல்ல இருட்டு. இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காத சிவப்பு விளக்கைப் போட்டு, என் கையில் காகிதமும் பென்சிலும் கொடுத்தான். எங்கே தெரிகிறதோ அங்கே புள்ளி வைக்க வேண்டும்.

"மொத்தம் எத்தனைடா?"

"சொல்ல மாட்டேன். சொன்னா எண்ணி வச்சிடுவ."

அவன் முதுகுக்குப் பின்னால் அவன் மனைவி ஐந்து விரலைக் காட்டினாள். பாவம், அவளுக்குக் குளியலறை வேண்டும்.

கண்ணை வைத்தேன். வெறும் கறுப்பு. நேரம் போகப் போக, கண்ணாடியில் ஊதிய மூச்சுபோல ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. நாலு புள்ளி வைத்தேன். ஐந்தாவதைக் காணோம். தம்பிக்காக ஒரு பொய் சொல்ல மாட்டேனா? ஆனால் எந்த இடத்தில் வைப்பது?

"நாலுதானா? நான் அப்பவே சொன்னேன்" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

முகத்தை எடுக்காமலே அவர் பக்கம் கண்ணை மட்டும் திருப்பி முறைத்தேன். நேராகப் பார்த்தபோது இல்லாதது ஓரக்கண்ணில் இருந்தது. ஐந்தாவது! புள்ளி வைத்தேன். அதற்குக் கீழே, அதைவிட மெலிசாக, இன்னும் ஒன்று.

எனக்கே சந்தேகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முறைத்தேன். அது அசையவில்லை.

"ஆறு" என்றேன்.

"அய்யோ அக்கா, அஞ்சுக்கா!" தம்பி மனைவி வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"நீ காட்டினது அஞ்சு. எனக்குத் தெரியறது ஆறு. நான் என்ன பண்ண?"

டாக்டர் சிரித்தார். "என் பெரிய டெலஸ்கோப்புலயே அஞ்சுதான் டீச்சர்."

சிரித்தபடியே அந்தப் புகைப்படத்தை எடுத்து, தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும் என்று அதையும் தலைகீழாகத் திருப்பி என் காகிதத்தின் பக்கத்தில் வைத்தார். சிரிப்பு நின்றது. விறுவிறுவென்று போய்த் தொலைநோக்கியில் குனிந்தார். அந்த மனிதர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"இருக்கு" என்றார், நிமிராமலே. "படத்துல எப்பவும் இருக்கறதுதான். கண்ணுக்குத் தெரியாதுன்னு நான் தேடினதே இல்ல. தம்பி, இந்தக் கண்ணாடில இனிமே யாரும் கை வைக்கக் கூடாது. நீங்களும்தான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பதக்கம் மாட்டிவிட்டிருக்கிறேன், ஒரு நாளும் இப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. என் தம்பி செய்தது! என் கூடப் பிறந்தவன்!

"நீ பாருடா" என்று அவனைப் பிடித்து இழுத்தேன்.

குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

"ஒண்ணுமே தெரியலக்கா" என்றான். கண் நிறையத் தண்ணீர்.

"அழுது முடிச்சிட்டுப் பாரு" என்றேன். "அது எங்கயும் போயிடாது."