கவுனுக்கு மேல் என் தலை

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் தலையைப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே நான் இல்லை. யாரோ ஒருத்தியின் கறுப்பு கவுன், யாரோ ஒருத்தியின் கை, அந்தக் கையில் சுருட்டிய பட்டம். அதற்கு மேல், சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த என் தலை. பட்டமளிப்புத் தொப்பிக்கும் காதோரம் தொங்கிய கனகாம்பரத்துக்கும் நடுவில் இளித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் என்னைவிட நாலு மடங்கு பெரிதாக என் பெரியப்பா முத்துக்குமாரசாமி, வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி. 'எங்கள் தெருவின் முதல் முதுகலைப் பட்டதாரி சிவசக்தி எம்.ஏ. அவர்களை உருவாக்கிய கல்வி வள்ளல் வழங்கும் இலவச நோட்டுப் புத்தக விழா.'

நான் அப்போது எம்.ஏ. கிடையாது. தகவல் தொடர்பியல் படிப்பில் எல்லாத் தாளும் முடித்து ஆய்வேட்டையும் கொடுத்திருந்தேன். வாய்மொழித் தேர்வு பாக்கி. அது வியாழக்கிழமை காலை, திருநெல்வேலியில். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் அன்று ஒரு நாள்தான் இருப்பார். தவறினால் அடுத்த வருடம்தான். விழாவும் அதே வியாழக்கிழமை காலை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் ஆய்வே ஃபிளெக்ஸ் போர்டுதான். சங்கரன்கோவில் போர்டுகளில் பெண்கள் எதற்கெல்லாம் வருகிறார்கள் என்று போனில் படமெடுத்துத் தெருத்தெருவாக அலைந்தேன். பூப்புச் சடங்குக்கு வருகிறார்கள். கல்யாணத்துக்கு வருகிறார்கள். செத்தால் கண்ணீர் அஞ்சலிக்கு வருகிறார்கள். அவ்வளவுதான். ஆண்கள் பிறந்தநாளுக்கு வருவார்கள், பதவிக்கு வருவார்கள், காதுகுத்துக்கு மாமனாக வருவார்கள், சும்மாவும் வருவார்கள்.

நேரே பெரியப்பாவின் சிமென்ட் கடைக்குப் போனேன்.

"வா மக்கா, போர்டப் பாத்தியா? எப்படி?"

"தல மட்டுந்தான் என்னுது பெரியப்பா."

"உன் போட்டோ எல்லாத்துலயும் சேலையும் சுடிதாருமால்லா இருக்கு. அதான் கடைக்காரப் பய கம்ப்யூட்டர்ல கவுனு மாட்டி விட்டான். கலெக்டர் மாதிரி இருக்கட்டி!"

"நான் இன்னும் பாஸாகல. வியாழக்கிழமதான் வைவா."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதான் போர்டுலயே எம்.ஏ.ன்னு போட்டாச்சுல்லா? ஊரே பாத்துட்டு. இனி அங்கன போய் யாருகிட்ட என்னத்தக் காட்டப் போற?"

கிண்டலுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். போர்டில் வந்துவிட்டால் நடந்துவிட்டது என்று அர்த்தம். அவருக்கு மட்டுமில்லை, எங்கள் ஊருக்கே அப்படித்தான்.

"மாவட்டச் செயலாளர் வாராரு. அடுத்த கவுன்சிலர் எலெக்சனுக்கு இந்த ஒரு மேடதான் எனக்கு. நீ ஏறி, 'பெரியப்பாதான் படிக்க வச்சாங்க'ன்னு ரெண்டு வார்த்த பேசிரு. பேசுததுக்குத்தானே படிச்ச?"

கல்லூரியில் சேர்ந்த அன்று இதே மனிதர், "வாயாடுததுக்கு எதுக்குட்டி காலேஜு, வீட்டுலயே அதத்தான செய்யுத?" என்று கேட்டுச் சிரித்தவர். என்னைப் படிக்க வைத்தது அம்மா நெல்லையம்மாள். அப்பா போன பிறகு பகல் தறியோடு ராத்தறியும் சேர்த்து ஓட்டியவள்.

"நான் வைவாவுக்குப் போறேன்."

"போவியோ? உங்க அம்மா ஓட்டுத தறி யாரு கொட்டகையில கிடக்குன்னு வீட்டுல கேட்டுட்டு முடிவு பண்ணு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்.

"மேடையில நின்னுட்டு, மத்தியான பஸ்ஸப் பிடிச்சா ஆகாதா?"

"மத்தியானம் எல்லாம் முடிஞ்சு போயிரும்மா."

வடிகஞ்சி முழுவதும் இறங்கும்வரை பானையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். பிறகு பானையை நிமிர்த்தினாள். "அவரு கொட்டக இல்லேன்னா அடுத்த தெரு. இந்த ஊருல தறிக்கா பஞ்சம்? ஓட்டத்தான் ஆளு இல்ல. ஏட்டி, நீ போ."

வியாழக்கிழமை விடிகாலையில் என்னை பஸ் ஏற்ற அம்மாவும் வந்தாள். போர்டு அங்கேயே நின்றது. அந்த இளிப்பைத் தாண்டி என்னால் பஸ் ஏற முடியவில்லை. முதலில் போனில் போர்டை முழுதாகப் படமெடுத்தேன். பிறகு அம்மாவிடம் கையை நீட்டினேன்.

"நூல் வெட்டுத கத்தரியக் கொடு."

அவள் இடுப்பில் அது எப்போதும் இருக்கும். "என்னட்டி செய்யப் போற?"

"என் தலைய எடுத்துக்கிடுதேன்."

டீக்கடைக்காரர் பாய்லர் பக்கமிருந்து கத்தினார். "ஏ தங்கச்சி, கட்சி போர்டு! கேசு போட்டுருவானுவோ!"

"மூஞ்சி என்னுது அண்ணாச்சி. நீங்க டீயப் பொங்க விட்டுராதீங்க."

கத்தரி சின்னது. ஃபிளெக்ஸ் வழுக்கியது. தொப்பியைச் சுற்றி வரும்போது துணி மடங்கிக் கோணலானது. அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கீழ் ஓரத்தைப் பிடித்து விறைப்பாக இழுத்தாள்.

"நேரா வெட்டு. கும்பிடுத கைய நறுக்கிராத, பாவம்."

கவுனோடு என்னை உருவி எடுத்தேன். என் பெயரை விட்டுவிட்டு, அதன் பின்னால் இருந்த எம்.ஏ.வையும் வெட்டினேன். சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன்.

தேர்வாளர் பெயர் ஆனந்தி. சிரிக்காத முகம். என் ஏட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "சடங்கு, கல்யாணம், சாவு. இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு போர்டுகூட உங்களுக்குக் கிடைக்கவில்லையா?"

"ஏட்டைக் கொடுத்த பிறகு ஒன்று கிடைத்தது, மேடம்." மேசைமேல் விரித்தேன். "படிப்புக்காக ஒரு பெண். ஆனால் உடம்பு அவளுடையது இல்லை. பட்டமும் இல்லை."

போர்டில் இருந்த தலையையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "தரவை வெட்டி எடுத்து வருவது எந்த ஆய்வு முறை?"

"வெட்டுவதற்கு முன்பு முழுதாகப் படமெடுத்துவிட்டேன்." போனைக் காட்டினேன்.

"போர்டு வைத்தவரிடம் ஒப்புதல் வாங்கினீர்களா?"

"வாங்கவில்லை. அவரும் என்னிடம் வாங்கவில்லை."

அதன் பிறகும் விடவில்லை. வாட்டி எடுத்தார். பெண்கள் தாங்களே காசு கொடுத்து வைக்கும் போர்டுகளை ஏன் தேடவில்லை என்று கேட்டார். தேடாதது தப்புதான் என்றேன். மற்றதற்கெல்லாம் பதில் இருந்தது. நாக்கு வறளும்வரை பேசினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தேர்ச்சி. அந்த வெட்டின துண்டைப் பின்னிணைப்பில் சேருங்கள்" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஊரில் இறங்கியபோது போர்டு அடியில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் விழாப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் படத்துக்குப் பக்கத்தில் கவுன் வடிவத்தில் ஓட்டை. ஓட்டை வழியாக டீக்கடை பாய்லர் புகைந்தது.

"மானத்த வாங்கிட்டியே! செயலாளர் மேடையில வச்சே கேக்காரு, 'எங்கவே உம்ம பட்டதாரி?'ன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"பரீட்சைக்குப் போயிருக்கான்னு சொல்லியிருக்கலாமே."

"நாளைல இருந்து உங்க அம்மாவுக்கு என் கொட்டகையில தறி கிடையாது."

"அம்மா காலையிலேயே அடுத்த தெருவுல பேசி முடிச்சாச்சு பெரியப்பா."

அவர் என் பெயருக்குப் பின்னால் இருந்த வெட்டைத் தடவிப் பார்த்தார். "ஏட்டி, அந்த எம்.ஏ.யவாவது திருப்பிக் கொடு. ஒட்டிக்கிடுதேன். நாலு பேரு பாத்துட்டுப் போறான்."

பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தர முடியாது. இன்னைக்கு மத்தியானத்துல இருந்து அது என்னுது."