படத்துக்கு வெளியே நிற்பவர்கள்

ஐப்பசி மாதம் மூன்றாம் வாரத்தில், ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்தின் சவுக்குமலைப் பிரிவில் எடுக்கப்பட்ட நாற்பத்தொரு பழைய படங்களிலும் இருந்த ஆட்கள் ஓடைப் பக்கத்தை விட்டு நகரத் தொடங்கினார்கள். முதல் நாள் ஒரு நூலளவு. மறுநாள் ஒரு விரற்கடை.

முதலில் கண்டது சுகிர்தா. பல்லேகலயில் ஒரு கார்மென்ட்டில் தையல் பிழை பார்க்கும் வேலை அவளுக்கு. ஓர் இழை விலகினாலும் கண்ணில் பட்டுவிடும். தோட்டத்து அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு நினைவு மலர் போடுவது, அதில் பிரிவின் வரலாறு முழுவதையும் சேர்ப்பது என்று கமிட்டி தீர்மானித்தபோது, அந்தப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. எழுதிவைத்த வரலாறு என்று எதுவும் இல்லை. ஆகவே இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, தகரப்பெட்டிக்குள்ளும் சாமிப் படங்களுக்குப் பின்னாலும் கிடந்த போட்டோக்களை இரவல் வாங்கினாள். இது யார், அது எந்த வருசம் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதினாள். கண்டி டவுனில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்த றம்ஸியா அவற்றை ஸ்கேன் பண்ணிக் கொடுத்தாள்.

பிரதி கோணலாக விழுந்திருக்கிறது என்றுதான் சுகிர்தா முதலில் கடைக்குப் போனாள். றம்ஸியா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"மெசின்ல பிழை ஒண்டும் இல்ல அக்கா. இந்த மாப்பிள்ள நேத்து நடுவுல தான் இருந்த. இண்டைக்கு கதிரையையும் தூக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் நிக்கிறார்."

சுகிர்தா அளவு நாடாவை எடுத்து நாற்பத்தொன்றையும் அளந்தாள். ஓடை வலப்பக்கம் இருந்த படங்களில் ஆட்கள் இடப்பக்கம் போயிருந்தார்கள். இடப்பக்கம் இருந்தவற்றில் வலப்பக்கம். ஓடையை முதுகுக்குப் பின்னால் விட்டு எடுத்த படங்களில் எல்லோரும் முன்னால் நடந்து வந்து முகம் பெருத்திருந்தார்கள். ஓடையோரத்தில் இப்போது எட்டு வீடுகள், இருபத்தொன்பது பேர். நான்காவது வீடு அவளுடையது.

கொப்பியைப் புரட்டினாள். போன வருசம் லயத்துக் கிழவி பேச்சியம்மா சொல்லி, கதை விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே எழுதிய நாலு வரி அதில் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கமும் முன்னொரு காலத்தில் ஒரு லயம் இருந்ததாம். சுவரில் மாட்டிய கலியாணப் படத்தில் பேச்சியம்மாவின் மாமன் ஒதுங்கி ஒதுங்கிப் போனாராம். வீடே சிரித்ததாம். அடுத்த வாரம் மண் வந்து லயத்தை மூடியதாம்.

கமிட்டித் தலைவர் ராஜலிங்கத்திடம் போய்ச் சொன்னாள். அவர் தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

"படத்த நேரா வச்சு அச்சுக்குக் குடும்மா. மழ பேயிற நேரத்துல சனத்தப் பயங்காட்டாத."

மழை விடவில்லை. சுகிர்தா வேலையில் காலர் இல்லாத சட்டை ஒன்றைச் சரி என்று அனுப்பிவிட்டு ஏச்சு வாங்கினாள். சோறு இறங்கவில்லை. சனத்திடம் சொல்லி ஒன்றும் நடக்காமல் போனால் அவளையும் நம்பமாட்டார்கள், கொப்பியையும் நம்பமாட்டார்கள். சொல்லாமல் இருந்து நடந்துவிட்டால்? புருசன் ரமேஸ் மட்டும் எதுவும் கேட்காமல் அடையாள அட்டைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டி வாசலில் தொங்கவிட்டான்.

புதன்கிழமை காலையில் படங்களிலிருந்து ஆட்கள் வெளியேறத் தொடங்கினார்கள். கொழுந்துக் கூடையோடு நின்ற ஏழு பெண்களில் மூன்று பேர்தான் மிச்சம். கலியாண மாப்பிள்ளையின் ஒரு கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. சுகிர்தா எல்லாவற்றையும் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சிமெந்துத் தரையில் பரப்பினாள். சனம் குனிந்து பார்த்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் தங்கள் வீட்டுப் படத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ராஜலிங்கம் தன் வீட்டுப் படத்தைக் கையிலெடுத்தார். அவருடைய அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்த படம் அது. இப்போது வாசற்படி இருந்தது, அப்பாவின் செருப்பு இருந்தது, அப்பா இல்லை.

அவர் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு, "எங்கப்பாவ ஸ்ட்ரைக் காலத்துல பொலிஸ் வந்து இழுத்தும் அந்தப் படியவிட்டு எழும்பல" என்றார். "அவரே எழும்பிப் போயிட்டாருன்னா நமக்கு இங்க என்ன வேல? கெளம்புங்க. எல்லாரும் கெளம்புங்க."

மாலை நாலு மணிக்குள் எட்டு வீட்டாரும் வீட்டைக் காலிசெய்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்தார்கள். மறுநாள் மதியம், பிள்ளைகள் சோறு தின்றுகொண்டிருந்தபோது, ஓடைக்கு மேலிருந்த மலை ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. எட்டு வீடுகளும், ஓடையும், பக்கத்து வீட்டுக் கறுத்தப்பிள்ளையின் இரண்டு ஆடுகளும் மண்ணுக்குள் போயின. இருபத்தொன்பது பேரையும் சுகிர்தா மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் சரியாக வந்தது. அதற்குப் பிறகுதான் அவளால் அழ முடிந்தது.

படத்தில் இருந்தவர்கள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மலர் தை மாதம் அச்சாகி வந்தது. பாதிக்கு மேல் வெறும் வெளியாகவும் ஓரத்தில் ஆட்கள் நெருக்கியடித்தபடியும் இருந்த அந்தப் படங்களைப் போட்டோவில் உள்ளபடியே போட்டார்கள். அடியில் பெயர்களைக் கொப்பியில் இருந்தபடி றம்ஸியா அடித்தாள். போய்விட்டவர்களை 'படத்துக்கு வெளியே நிற்பவர்கள்' என்று தனி வரியில் சேர்த்தாள். அச்சுப்பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை.

எட்டுக் குடும்பங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கு மேலே தகரக் கூரையில் புது வீடுகள் கட்டப்பட்டன. குடியேறிய முதல் வாரமே ஒவ்வொரு குடும்பமும் வாசலில் நின்று ஒரு படம் எடுத்து, பிரேம் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியது. காலையில் வேலைக்கு இறங்குகிறவர்கள் குடையை எடுக்குமுன் அதை ஒருமுறை பார்க்கிறார்கள். எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றால், கதவைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறார்கள்.