ரெண்டாயிரம் ரெண்டாயிரமா

அந்த ஆபீஸில் அவளுக்கு ஊமச்சி என்று பெயர். வைத்தவன் தலைமைப் புரோகிராமர். வாயில்லாத பூச்சி என்று அவனுக்கு இளக்காரம். கண்ணுகளா, பேசாதவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அவர்கள் லேசில் எதையும் மறப்பதில்லை.

பெரிய ஆஸ்பத்திரி அது. எட்டாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். எல்லோரும் தீயணைப்புப் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்பது டைரக்டர் அம்மாவின் உத்தரவு. ஆறாயிரம் பேர் முடித்திருந்தார்கள். அவர்களுக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்ப, ஆறாயிரம் ஊழியர் எண்களையும் ஒரே கேள்வியில் வைத்து "இவர்களுடைய முகவரியைக் கொடு" என்று கேட்டால், டேட்டாபேஸ் முரண்டு பிடித்தது. ஒரு கேள்விக்கு இரண்டாயிரத்து நூறு எண்கள்தான். அதற்கு மேல் ஒன்று கூடினாலும் வாங்காது. தலைமைப் புரோகிராமர் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, "நீ பாரு ஊமச்சி" என்று தள்ளிவிட்டான்.

அவள் பட்டியலை மூன்று கூறு போட்டாள். இரண்டாயிரம் இரண்டாயிரமாக மூன்று கேள்வி. வந்த பதில்களை ஒன்றாகச் சேர்த்தாள். அரை நாளில் வேலை முடிந்தது. புரோகிராமின் தலையில் தன் பெயரை எழுதி, கீழே ஒரு வரியும் சேர்த்தாள்: "பட்டியலில் இருப்பவர்களைத் தேட மட்டும். இல்லாதவர்களைத் தேட இதைத் தொடாதீர்கள்."

அடுத்த கூட்டத்தில் டைரக்டர் அம்மாவிடம் "நான் எழுதினது மேடம்" என்று அவன் காட்டினான். ஒரே கைதட்டல். அவள் போய்த் திறந்து பார்த்தால், பெயர் இருந்த இடம் காலி. பெயரோடு எச்சரிக்கையையும் துடைத்திருந்தான். அதோடு விட்டானா? மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்கலாமா என்று கேட்டு வந்த தாளில், "தனியாக வேலை செய்யத் தெரியாதவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவளுடைய அக்கா, விஷயம் கேட்டு வீட்டில் குதித்தாள். "வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"உதிரும்க்கா. அவன் வாயிலேர்ந்து உதிரட்டும்."

மறுவாரம் நேரம் வந்தது. பயிற்சி முடிக்காத இரண்டாயிரம் பேருக்கு, "உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?" என்று மெயில் போக வேண்டும். அவன் அதே புரோகிராமை எடுத்தான். 'இருப்பவர்கள்' என்பதை 'இல்லாதவர்கள்' என்று மாற்றினான். பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஊமச்சி, கத்துக்கறியா?"

"ஆமா சார். உங்க புரோகிராமாச்சே."

பட்டனைத் தட்டினான்.

பத்து நிமிஷத்தில் அக்காவின் போன். "எனக்கு மெயில் வந்திருக்குடி! ஒண்ணு இல்ல, ரெண்டு! பயிற்சியில நெருப்ப அணைக்கப் போய் பாதிப் புருவம் பொசுங்கினவ நான்!"

வராமல் என்ன செய்யும்? முதல் கூறில் இல்லாதவர்கள் யார் என்று கேட்டால், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருப்பவர்களும்தானே கையைத் தூக்குவார்கள்? பயிற்சி முடித்த ஒவ்வொருவருக்கும் இரண்டு மெயில். முடிக்காதவர்களுக்கு மூன்று. தீயணைப்பானைக் கையில் பிடித்தபடி வரவேற்பறைப் படத்தில் சிரிக்கிற டைரக்டர் அம்மாவுக்கும் இரண்டு.

அம்மா நேராக அந்த அறைக்கே வந்துவிட்டார். "யார் எழுதின புரோகிராம் இது?"

அவன் கணக்குப் போட்டான். தன்னுடையது என்றால் குற்றம் அவன் தலையில். அவளுடையது என்றால் திருட்டு வெளியே வரும். "அது... ஊமச்சி எழுதினது மேடம்."

முத்து உதிர்ந்தது.

"போன வாரம் நீங்க எழுதினதுன்னீங்களே?"

ஒவ்வொரு திருத்தத்தையும் கம்ப்யூட்டர் தானாகவே குறித்து வைத்திருக்கும் பழைய பிரதியை அவள் திறந்து காட்டினாள். அவள் பெயர், எச்சரிக்கை வரி, அழித்தவன் பெயர், அழித்த நேரம் எல்லாம் அதில் இருந்தன.

"தெரிஞ்சே சும்மா உக்காந்திருந்தா மேடம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!"

"எழுதியே வச்சேன் சார். நீங்கதான் அழிச்சீங்க."

அம்மா அவளையும் ஒரு முறை முறைத்தார். "இப்பச் சரிபண்ண முடியுமா?"

"முடியும் மேடம்." ஆறாயிரம் எண்களையும் டேட்டாபேஸுக்குள்ளேயே தனி அட்டவணையாகப் போட்டாள். அந்த அட்டவணையில் இல்லாதவர் யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சரியாக இரண்டாயிரம் பேர் வந்தார்கள். எல்லாம் தனியாகத்தான் செய்தாள். அம்மா அந்தத் தாளை வரவழைத்து, அவன் எழுதிய வரியை அடித்து, நிரந்தரம் என்று எழுதினார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "தப்பா மெயில் போன ஆறாயிரம் பேருக்கும் மன்னிப்புக் கடிதம் போகணும். அச்சடிச்சு, ஒவ்வொண்ணுலயும் உங்க கையெழுத்தோட."

மறுநாள் காலையில் அவளே தள்ளுவண்டியில் கட்டுகளைக் கொண்டுவந்தாள். ஒன்றை மட்டும் தூக்கி அவன் மேஜையில் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

"மொத்தமா வச்சா தாங்காது சார். ரெண்டாயிரம் ரெண்டாயிரமா போடுங்க."