ஜெமீலா போகவேண்டிய பயணம்

1

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. ஞானசேகரம் கேட்டார். அவர் நடத்தும் மாத இதழுக்கு 'முதல் பயணம்' என்று ஒரு சிறப்பிதழாம்.

"தங்கச்சி, நீங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாய் இருக்கேக்கை டென்மார்க்குக்குப் போய் ஒரு வருசம் இருந்தனீங்களெல்லே? அந்த முதல் நாலைஞ்சு நாளை எழுதித் தாங்கோ. குளிர், சாப்பாடு, பாஷை தெரியாமல் முழுசினது. சனம் சிரிச்சுச் சிரிச்சு வாசிக்கும்" என்றார்.

ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அவர் பாவம். சிரித்துச் சிரித்து வாசிக்கப் போகிற உங்கள்மேல் வந்தது. இன்னொரு ஆள்மேலும் வந்தது, அது யார் என்று போகப்போகச் சொல்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "1967ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் விமானத்தை விட்டு இறங்கியபோது, குளிர் என் எலும்பை..."

(வெட்டினேன். ஓகஸ்டில் அங்கே என்ன குளிர்? முதல் வரியிலேயே பொய்.)

தொடக்கம் இரண்டு: "திருகோணமலைத் துறைமுகத்தில் வளர்ந்த ஒரு சின்னப் பெண் கடல் கடந்து..."

(வெட்டினேன். நான் சின்னப் பெண் இல்லை, பதினேழு வயது. எல்லாம் விளங்கும் வயது.)

தொடக்கம் மூன்று: "அந்தப் பயணம் என்னுடையது அல்ல. ஜெமீலாவுடையது."

இதை வெட்டவில்லை.

2

ஜெமீலாவும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவள் வீடு உட்துறைமுக வீதியில், எங்கள் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. கொழும்பிலிருந்து மாணவர் பரிமாற்றக் குழு ஒன்று பள்ளிக்கூடத்துக்கு வந்து எங்களைக் கேள்வி கேட்டது. பட்டியலில் முதலாவது பெயர் ஜெமீலா. இரண்டாவது இராசமலர், அதாவது நான். முதலாவது ஆள் போக ஏலாமல் போனால் மட்டும் நான்.

ஒழுங்கு இதுதான். முதலில் டென்மார்க்கிலிருந்து ஒரு பிள்ளை இங்கே வந்து எங்கள் வீடொன்றில் மூன்று மாதம் தங்கவேண்டும். பிறகு அந்த வீட்டுப் பிள்ளை அங்கே போய் ஒரு வருடம் படிக்கும். வைத்திருக்கிற வீட்டுக்குத்தான் அனுப்புகிற உரிமை.

ஜெமீலாவின் வாப்பா ஆதம்பாவா, வெள்ளைக்காரர் காலத்தில் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்காக இருந்தவர். நல்ல இங்கிலிஷ். இரண்டு மாதமாக அவர் விறாந்தையில் சொந்தக்காரர்கள் வந்து வந்து ஏசினார்கள். "வயசுக்கு வந்த பொம்புளப் புள்ளய வெள்ளைக்காரன்ட ஊருக்கு அனுப்புறதா? ஒனக்கென்ன விசரா?"

அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "அவங்கட புள்ள என்ட வீட்டுக்கு வருது. அந்தப் புள்ளட வாப்பா என்ன நம்பித்தானே அனுப்புறான்?"

(ஆதம்பாவாவை ஒரேயடியாக நல்லவராக்குகிறேனோ என்று எனக்கே சந்தேகம். மனுசனுக்கு மூக்கு நுனியில் கோபம். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு முருங்கை மரத்துக்காக ஆறு வருடம் கதைக்கவில்லை. ஆனால் மகளைப் படிக்க அனுப்புகிற விஷயத்தில் ஊரே எதிர்த்து நின்றும் அசையவில்லை. அதை எழுதத்தான் வேண்டும்.)

3

வந்த பெண்ணின் பெயர் கிர்ஸ்டன். எங்கள் வயதுதான், கதவு நிலையில் தலை முட்டும் உயரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினாள்.

உங்களுக்கு இப்போது ஒரு காட்சி வேண்டும், எனக்குத் தெரியும். வெள்ளைக்காரப் பிள்ளை மிளகாயைக் கடித்துக் கண்ணில் தண்ணீர் வர, வீடே சிரிக்கும் காட்சி. பொறுங்கள். அது வரும், ஆனால் வேறு வீட்டில்.

ஜெமீலா வீட்டில் நடந்தது வேறு. ஜெமீலாவின் அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். யாரோ உறவினர் வீட்டிலிருந்து சாப்பாட்டு மேசை சுமந்து வரப்பட்டது. கரண்டியும் முள்ளும் புதிதாக வாங்கினார்கள். அந்த வீட்டில் அதுவரை மேசையில் யாரும் சாப்பிட்டதில்லை. பெண்கள் குசினிப் பக்கத்து அறையில் பாய் விரித்து சஹனில்* சாப்பிடுவார்கள்.

* பெரிய தட்டு. சோற்றைக் குவித்துக் கறியை நடுவில் வைத்து, ஐந்தாறு பேர் சுற்றியிருந்து, அவரவர் பக்கத்தில் கைவைத்துச் சாப்பிடுவது. ஒரே தட்டில் கை வைத்தவர்கள் ஒரே வீட்டு ஆட்கள் என்று கணக்கு. பத்து வயதிலிருந்தே அந்தச் சஹனில் எனக்கும் ஒரு பக்கம் இருந்தது. இந்தக் குறிப்பை அடியில் ஒளித்து வைக்கத்தான் நினைத்தேன். வேண்டாம், இங்கேயே கிடக்கட்டும்.

"அவளையும் சஹனுக்குக் கூப்பிடுவமே, உம்மா" என்று ஜெமீலா கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவளுடைய உம்மா பல்கீஸ் பதறிப்போனார். "சும்மா இரி புள்ள! அவங்க கரண்டியில திங்கிற ஆக்கள். நம்மட கை பட்ட சோத்தப் பாத்தா அருவருக்காதா? வாய் தொறந்து சொல்லவும் மாட்டா, பட்டினி கிடப்பா. தனியாப் போட்டு மரியாதையா வைங்க."

அப்படியே நடந்தது. மூன்று நாள் கிர்ஸ்டன் மேசையில் தனியாக இருந்து சாப்பிட்டாள். பல்கீஸ் உம்மா பின்னால் நின்று விசிறினார். அவளுக்கென்று வாங்கிய சாப்பாட்டுக் கோப்பையை வேறு யாரும் தொடாமல் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். தண்ணீர் அள்ளப் போனால் வாளியைப் பறித்தார்கள். உங்களோடு பாயில் இருக்கட்டா என்று அவள் கேட்டபோது ஜெமீலா, "இல்லை, நீ எங்கள் விருந்தாளி" என்றாள். கிர்ஸ்டனுக்கு அந்தப் பதிலில் 'இல்லை' மட்டும்தான் கேட்டிருக்கும்.

4

வெள்ளிக்கிழமை சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். இரண்டு சஹன். உள்ளே ஒரே சிரிப்பும் கதையும். வெளியே மேசையில் கிர்ஸ்டன் தனியாக.

பின்னேரம் நான் போனபோது அவள் கிணற்றடியில் இருந்தாள். அழுது மூக்குச் சிவந்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலிஷ்தான், ஆனால் அவள் கேட்டது எனக்கு நன்றாகவே விளங்கியது.

"மலர், உண்மையைச் சொல்லு. நான் அசுத்தமானவள் என்று நினைக்கிறார்களா? எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். என் கோப்பையை மட்டும் வேறாகக் கழுவுகிறார்கள்."

பதில் எனக்குத் தெரியும். திருகோணமலையில் அன்றைக்கு அவளுடைய கேள்வியும் அதற்கான பதிலும் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். 'அவர்களை நீ அருவருப்பாயோ என்று பயப்படுகிறார்கள், உள்ளே போய்ப் பாயில் இரு' என்றால் முடிந்தது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அந்த ஒரு வசனம்கூடத் தேவையில்லை.

நான் சொன்னது இது: "அவர்களுடைய ஆட்கள் அப்படித்தான்."

[இங்கே ஒரு பந்தி எழுதி வெட்டினேன். வயது, பொறாமை, பட்டியலில் இரண்டாவதாக இருப்பதன் வலி என்று காரணங்கள் இருந்தன. காரணங்கள் நல்ல தமிழில் இருந்தன. அதனாலேயே வெட்டினேன்.]

பொய்யா சொன்னேன்? இல்லையே! யாரும் என்னைப் பிடித்துக் கேட்க முடியாத வசனம். சே! பதினேழு வயதில் எனக்கு எவ்வளவு கெட்டித்தனம் இருந்திருக்கிறது பாருங்கள்.

மறுநாள் காலை நானே அவளைத் தபால் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கொழும்புக்கு ட்ரங்க் கோல் எடுத்துப் பேசினாள். நான் வெளியே வாங்கில் இருந்தேன். யாரோடு, என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். தெரியும்.

5

ஞாயிற்றுக்கிழமை குழுவிலிருந்து ஒரு அம்மா காரில் வந்தார். கதிரையில் உட்காரவில்லை. கிர்ஸ்டனின் பெட்டியை எடுக்கச் சொன்னார். ஆதம்பாவா சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன குறை வச்ச நாங்க? சொல்லுங்க, திருத்துறம்."

"பிள்ளையை இந்த வீட்டில் தீட்டுப் பார்க்கிறீர்களாம். தனியே வைத்துச் சாப்பாடு போடுகிறீர்களாம்."

அவர் இங்கிலிஷில் விளக்கினார். அவ்வளவு நல்ல இங்கிலிஷை அந்த அம்மா அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் முடிவு ஏற்கனவே எடுத்தாயிற்று. ஐந்து நாள் இருந்த பிள்ளையின் பேச்சுக்கு இருந்த மதிப்பு, அந்த வீட்டுத் தலைவனின் பேச்சுக்கு இல்லை. அன்றைக்கு அது எனக்குச் சௌகரியமாய் இருந்தது. இன்றைக்கு நினைத்தால் பற்றி எரிகிறது.

வீடு தகுதியில்லை என்று கடிதம் வந்தது. ஜெமீலாவின் பெயரை அடித்தார்கள். அடுத்த பெயர் என்னுடையது. கிர்ஸ்டன் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

வந்த அன்றைக்கே நான் அம்மாவிடம் சொன்னேன்: "மேசை வேண்டாம். எங்களோடை நிலத்திலை இருத்துங்கோ. கையாலை சாப்பிடட்டும்." எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! அவள் மிளகாயைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வீடே சிரித்தது.

இந்தாருங்கள், நீங்கள் கேட்ட காட்சி.

6

இனி, ஞானசேகரத்துக்காக, டென்மார்க்கில் என் முதல் நாட்கள்.

நான் தங்கிய வீட்டு மேசையில் கிழங்கும் இறைச்சியும் வைத்தார்கள். "இன்னும் வேண்டுமா?" என்று கேட்டார்கள். "வேண்டாம்" என்றேன். நம்மூரில் முதல்முறை வேண்டாம் என்பதுதானே முறை. இரண்டாம்முறை வற்புறுத்துவார்கள், மூன்றாம்முறை சாப்பாட்டுக் கோப்பையில் கொட்டியே விடுவார்கள். அங்கே ஒருவரும் இரண்டாம்முறை கேட்கவில்லை. சட்டியை மூடி உள்ளே கொண்டுபோனார்கள். நான்கு நாள் அரைவயிறு. ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் தலைசுற்றி விழுந்தேன்.

விஷயம் தெரிந்ததும் அந்த வீட்டு அம்மா என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார். "இனி வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்லு" என்றார். அவ்வளவுதான். ஒருவரும் ட்ரங்க் கோல் எடுக்கவில்லை. ஒருவரும் காரில் வந்து என் பெட்டியைத் தூக்கவில்லை. ஒரு பிள்ளையை நான்கு நாள் பட்டினி போட்ட வீடு தகுதியில்லாத வீடு என்று எந்தக் கடிதமும் போகவில்லை. என் பசி பண்பாட்டு வித்தியாசமாம். பல்கீஸ் உம்மாவின் மரியாதை மட்டும் குற்றமாம். போங்கடா நீங்களும் உங்கள் பரிமாற்றமும்!

(கடைசி வசனத்தை ஞானசேகரம் வெட்டச் சொல்லுவார். வெட்ட மாட்டேன்.)

7

முடிவுகள்.

அ) பதினான்கு வருடத்துக்குப் பிறகு நான் ஜெமீலாவைத் தேடிப் போகிறேன். உண்மையைச் சொல்கிறேன். அவள் என் கையைப் பிடித்து, "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்று அழுகிறாள். நானும் அழுகிறேன்.

ஆ) அவள் என்னைக் கன்னத்தில் அறைகிறாள். நான் வாங்கிக்கொள்கிறேன்.

இ) போகிறேன், வீடு பூட்டிக் கிடக்கிறது, நான் படியில் இருந்து கடலை...

எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். மூன்றிலும் தப்புகிறது நான்தான். எனக்கே அருவருத்தது. கடதாசிகளைப் பையில் போட்டுக்கொண்டு, போன சனிக்கிழமை காலை, பஸ்சையும் ஆட்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கிற, பாதை என்கிற மிதவையில் கிண்ணியாவுக்குப் போனேன்.

ஜெமீலா பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் முடிந்து ஒரு வருடத்துக்குள் கலியாணம் கட்டிக் கிண்ணியாவுக்கு வந்தவள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "மலரா! வா வா, இரி. கதை எழுதுறியாம் எண்டு கேள்விப்பட்ட."

"உன்னைப் பற்றித்தான் எழுதினனான். வாசிக்கட்டா?"

"என்னப் பத்தியா? அப்ப வாசியன்!"

வாசித்தேன். மேசை சுமந்து வந்த இடத்தில் சிரித்தாள். வெள்ளிக்கிழமை வந்ததும் சிரிப்பு நின்றது. கிணற்றடியில் நான் சொன்ன வசனத்தில் ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"திருப்பி வாசி."

வாசித்தேன்.

"நீயா சொன்ன?"

"ஓம்."

"கதைக்காக எழுதினதா, உண்மையாவே சொன்னதா?"

"உண்மையாவே சொன்னனான், ஜெமீலா."

கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். குரல் உயரவேயில்லை.

"நான் உம்மாவத்தான் ஏசின. மேசையப் போட்டது நீங்கதானே, என்ட படிப்பக் கெடுத்தது நீங்கதானே எண்டு ஏசாத நாள் இல்ல. வாப்பாவும் ஏசினாரு. நம்மட ஆக்கள்ள மாப்பிள்ளதானே பொண்ணுட வீட்டுக்கு வாற? அந்த வீட்டையும் எனக்குத்தான் எழுதின. அவட முகத்தில முழிக்க ஏலாதெண்டுதான் வீட்டையும் வேணாமெண்டு இங்க வந்த நான். அவ சோறாக்கிக் கொண்டு வந்தா நான் தொடுறல்ல. ரெண்டு வருஷத்துக்கு முந்தி மௌத்தாகக்குள்ள, உசிரு போற நேரம், என்ட கையப் பிடிச்சி, 'தெரியாமச் செஞ்சிட்டன் மகள், என்ன மன்னிச்சிக்க' எண்டு அழுதா. நானும் பெரிய மனசு பண்ணி மன்னிச்ச, மலர். செய்யாத குத்தத்துக்கு என்ட உம்மாவ மன்னிச்சிட்டு வந்திரிக்கன்."

என் கையிலிருந்த கடதாசிகளைப் பார்த்தாள்.

"இப்ப இத உம்மாட்ட ஆரு போய்ச் சொல்லுற?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எழும்பு" என்றாள். எழும்பினேன்.

ஞானசேகரம், இதுதான் உங்கள் முதல் பயணம். பெயர்களை மாற்றச் சொல்லாதீர்கள், மாற்ற மாட்டேன்.

வாசகரே, நான் இதை முடிக்கவில்லை, நிறுத்துகிறேன். முடிவு வேண்டுமென்றால் அவள் கேட்டதற்கு நீங்கள் பதில் தேடுங்கள். கிடைத்தால் எனக்கு எழுதவேண்டாம், என்னைப் பற்றி நல்லதாய் ஒரு சொல்லும் எழுதவேண்டாம். ஜெமீலா, பள்ளிவாசல் ஒழுங்கை, கிண்ணியா என்று போட்டால் போய்ச் சேரும். பெயருக்குக் கீழே ஆதம்பாவாவின் மகள் என்று போடாதீர்கள். பல்கீஸின் மகள் என்று போடுங்கள்.